செயல்படாத நாட்கள்: இல்லை

டல்சி ஹார்கிரேவின் கைகள் வார்மரின் மெத்தையைத் துடைத்துக்கொண்டிருந்தன. பிறந்த குழந்தையைக் கிடத்திச் சூடேற்றும் மேசை அது. தலைக்கு மேல் ஒரு விளக்கு, பக்கவாட்டில் ஆக்சிஜன் குழாய், சளி உறிஞ்சும் குழாய். ஸ்பிரிட் நனைத்த துணியால் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு. துணியை மடித்து மறுபக்கத்தால் இன்னொரு இழுப்பு. முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது என்று பதினெட்டு வயதில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். விளக்கைப் போட்டு, உள்ளங்கையைக் கீழே நீட்டிச் சூடு ஏறுகிறதா என்று பார்த்தாள். ஏறியது. அணைத்தாள். கட்டிலில் நேற்று விரித்த விரிப்பை உருவிவிட்டுப் புதிதாக விரித்தாள். நேற்றைய விரிப்பில் யாரும் படுத்திருக்கவில்லை. முந்தாநாள் விரிப்பிலும் இல்லை.

விர்ராபி ஆஸ்பத்திரியின் பிரசவ அறையில் கடைசிக் குழந்தை பிறந்து மூன்று வருடம் நான்கு மாதம் ஆகியிருந்தது. வயிற்றைக் கிழித்துக் குழந்தை எடுக்கத் தெரிந்த டாக்டர் ஓய்வு பெற்றுப் போனார். அவர் போனதும், இக்கட்டு வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு மருத்துவச்சிகளும் கடலோரத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள். அரசாங்கம் இதை மூடல் என்று சொல்லவில்லை. 'தற்காலிகத் திசைமாற்றம்' என்றது. கர்ப்பிணிகள் இருநூற்றுப் பத்து கிலோமீட்டர் கார் ஓட்டிக்கொண்டு போய், ஒரு மோட்டலில் இரண்டு வாரம் படுத்துக் கிடந்து வலிக்காகக் காத்திருக்க வேண்டும். வலி முன்னாலேயே வந்துவிட்டால் சாலைதான்.

டல்சி மருத்துவச்சி இல்லை. உதவி நர்ஸ். நாற்பத்திரண்டு வருடச் சேவை. இதே அறையில்தான் பிறந்தாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் இதே அறையில்தான் பெற்றாள். ஏறத்தாழ தொள்ளாயிரம் பிரசவத்தில் காலைப் பிடித்திருக்கிறாள், வெந்நீர் எடுத்திருக்கிறாள், மயங்கி விழுந்த புருஷன்மார்களை இழுத்து ஓரமாகப் போட்டிருக்கிறாள். அதில் அவளுக்குப் பெருமை எதுவும் கிடையாது. வேலை, செய்தாள்.

துடைத்து முடித்ததும் சுவரில் தொங்கிய அன்றாடப் பதிவேட்டு அட்டையை எடுத்தாள். ஆக்சிஜன், சரி. உறிஞ்சும் குழாய், சரி. வார்மர், சரி. கடைசி வரியில் இரண்டு கட்டங்கள்: 'திறந்துள்ளது', 'மூடியுள்ளது'. முதல் கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டு, அறையைப் பூட்டி, சாவியைத் தலைமை நர்ஸ் ஜோஸ்லின் மேசை டிராயரில் போட்டாள்.

திறந்துள்ளது என்று எழுதிவிட்டுப் பூட்டுவது விர்ராபி ஆட்களுக்கு மட்டும் புரிகிற காரியம். முன்பு இந்த ஆஸ்பத்திரியில் பல் அறை ஒன்று இருந்தது. பல் டாக்டர் போனபோது, அங்கே இருந்த பெண் யோக்கியமாக 'மூடியுள்ளது' என்று டிக் போட்டு வந்தாள். தொண்ணூறு நாள் மூடிக் கிடந்த அறையின் சாமானை எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி; அது தாண்டியதும் மண்டல அலுவலகத்திலிருந்து லாரி வந்தது. பல் நாற்காலியைக் கழற்றி ஏற்றிக்கொண்டு கடலோரத்துக்குப் போனார்கள். நாற்காலி இல்லாத ஊருக்கு டாக்டரை அனுப்ப முடியாது என்று அடுத்த வருடம் கடிதம் வந்தது. அப்போது தலைமை நர்ஸாக இருந்த மேட்ரன் ஆய்லீன் க்விர்க் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னாள், இனி எந்த அறையானாலும் இரண்டாவது கட்டத்தில் யாரும் பேனா வைக்கக் கூடாது என்று. பிரசவ அறை நின்றுபோனபோது டல்சி அந்தப் பேச்சைத்தான் கேட்டாள். வார்மரைக் காப்பாற்றுகிறோம், ஒரு நாள் மருத்துவச்சி வருவாள், அன்றைக்குச் சாமான் இருக்கும் என்று நினைத்து டிக் போட்டாள்.

போன ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி காலை ஏழு மணிக்கும் அப்படித்தான் டிக் போட்டுப் பூட்டினாள். எட்டு இருபதுக்கு, பின்பக்கம் திறந்த தட்டுள்ள ஒரு யூட் வண்டி அவசரப் பிரிவு வாசலில் வந்து நின்றது. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கும் கெல்சி முன் இருக்கையில் கிடந்தாள். விடிகாலையில் பனிக்குடம் உடைந்து, கடலோரம் போங்கள் என்று போனில் சொல்லப்பட்டு, எழுபதாவது கிலோமீட்டரில் மாடு தாண்டாமலிருக்கச் சாலையில் பதித்த கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில் பிள்ளை பிறந்துவிட்டது. புருஷன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான். குழந்தை அவனுடைய வேலைச் சட்டையில் சுற்றப்பட்டு, ஈரமாக, ஊதா நிறத்தில் இருந்தது. உடம்புச் சூடு முப்பத்து மூன்றரை டிகிரிதான். வார்மர் நீள வராந்தாவின் அந்தக் கோடியில், பூட்டிய அறைக்குள். சாவி டிராயருக்குள். டிராயரின் சாவி ஜோஸ்லின் பையில். ஜோஸ்லின் சாலைக்கு அப்பால் முதியோர் விடுதியில் ஒரு கூட்டத்தில். டல்சி குழந்தையைத் துடைத்து, தன் சட்டைப் பொத்தானைக் கழற்றி வெற்று மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். சாவி வந்து கதவு திறக்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று.

குழந்தை பிழைத்தது. விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். ஐவி என்று பெயர் வைத்தார்கள். மறுநாள் காலை டல்சி அட்டையை எடுத்து முதல் கட்டத்தில் டிக் போட்டாள். பழக்கம்.

இன்று பள்ளிக்கூடத்தில் தேநீர் விருந்து. தொகுதியின் எதிர்க்கட்சிச் சட்டமன்ற உறுப்பினர் கோர்டன் ஃபேர்வெதர் வருகிறார். பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி வேலிக்கு அந்தப் பக்கம்தான். டல்சி இடைவேளையில் வேலி இடுக்கு வழியாகப் புகுந்து போனாள். அவள் புருஷன் மெர்வ் அங்கே தோட்டக்காரன், காவல்காரன், குழாய்காரன் எல்லாம். தகர அடுப்பில் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தான்.

"வந்துட்டாங்கப்பா ஒண்ணுமில்லாத வார்டோட மகாராணி," என்றான்.

"நீ மட்டும் என்ன, கரண்டு இல்லாத கூரைக்கு ராஜா," என்றாள் டல்சி.

இரண்டு வருடமாக வீட்டில் ஓடும் கேலி இது. பள்ளிக்கூடக் கூரையில் தொண்ணூற்றாறு சோலார் பேனல்கள் இருந்தன. ஒன்றிலிருந்தும் ஒரு பல்பு எரிந்ததில்லை. மின்சாரக் கம்பிக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு பெட்டி வைக்க வேண்டும். அந்தப் பெட்டி வரவில்லை. பொருத்த வந்த ஆட்கள் ஒரு தாளை நீட்டி, கையெழுத்து விழாவிட்டால் வேலை முடிந்ததாகக் கணக்கில்லை, பேனல்களைக் கழற்றிக்கொண்டு போக வேண்டிவரும் என்றார்கள். தலைமை ஆசிரியை ஊரில் இல்லை. மெர்வ் 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டான். அன்றிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை ஏணி போட்டு ஏறி, வெள்ளைக் காகட்டூக் கிளிகளின் எச்சத்தைக் கழுவிவிட்டு, அவை கடித்துப் போட்ட வயர்களுக்கு டேப் சுற்றிவிட்டு இறங்குவான். கீழே வகுப்பறைகளில் நவம்பர் மாதக் கோடை வெயிலுக்கு ஒரு நேரத்தில் இரண்டு ஏசிதான் ஓட்டலாம். மூன்றாவதைப் போட்டால் பள்ளிக்கூடம் முழுக்க இருண்டுவிடும். எந்த வகுப்புக்கு எந்த நாள் என்று ஆசிரியைகள் முறை வைத்திருந்தார்கள்.

ஃபேர்வெதர் பேனல்கள் தெரிகிற மாதிரி நின்று படம் எடுத்துக்கொண்டார். பிறகு தேங்காய்த் துருவலில் புரட்டிய ஒரு லாமிங்டன் கேக்கை இரண்டே கடியில் உள்ளே தள்ளிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மாநிலத் தலைநகர் பிரிஸ்பேனில், சட்டமன்றத்தில், எழுத்து மூலம் இரண்டு கேள்வி போட்டிருந்தார். மந்திரிகளிடமிருந்து பதில் வந்திருந்தது. படித்துக் காட்டினார், நாடகக்காரனைப் போல நிறுத்தி நிறுத்தி.

"விர்ராபி அரசுப் பள்ளியில் சூரிய மின்தகடுகள் எவ்வளவு மின்சாரம் உற்பத்தி செய்துள்ளன என்பது கேள்வி. பதில்: தொண்ணூற்றாறு தகடுகள் பொருத்தும் பணி முழுமையாக நிறைவுற்றது. அவை நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டுள்ளன."

கூட்டம் சிரித்தது. மெர்வ் சாசேஜைத் திருப்பிப் போட்டான்.

"அடுத்தது. கடந்த மூன்று ஆண்டுகளில் விர்ராபி மகப்பேறு பிரிவு செயல்படாத நாட்கள் எத்தனை? பதில்: அன்றாடப் பதிவேட்டின்படி பிரிவு நாள்தோறும் சரிபார்க்கப்பட்டு, திறந்த நிலையில் உள்ளது. செயல்படாத நாட்கள்: இல்லை."

இதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. வாயில் கேக்கை வைத்துக்கொண்டே சிரித்தார்கள். பொய் சொல்லும் அரசாங்கத்தைப் பார்த்துச் சிரிப்பது விர்ராபிக்காரர்களுக்குச் சாசேஜ் தின்பது மாதிரி. ஃபேர்வெதரும் சிரித்தார். அவர் கீழுதட்டில் தேங்காய்த் துருவல் ஒட்டியிருந்தது. மந்திரியின் வாயில் வந்த வார்த்தை டல்சியின் வார்த்தை. அவள் பேனா போட்ட டிக்.

பக்கத்தில் கெல்சி, ஐவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"டல்சி, அன்னைக்கு அந்த ரூம் பூட்டிதானே இருந்துச்சு?"

"பூட்டிதான் இருந்துச்சு."

"அப்புறம் எப்படித் திறந்திருந்துச்சுன்னு எழுதியிருக்கான்? யாரு எழுதிக் குடுத்தா?"

டல்சி குழந்தையின் பின்னங்கழுத்தைப் பார்த்தாள். மூன்று மாதத்துக்கு எடை கொஞ்சம் குறைவு, நிறம் நல்ல நிறம்.

"நான்தான்," என்றாள்.

கெல்சி கத்தவில்லை. குழந்தையை மறுதோளுக்கு மாற்றினாள். ஏன் என்று கேட்டாள். டல்சி பல் நாற்காலிக் கதையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது எவ்வளவு அற்பமாக ஒலிக்கிறது என்று அவளுக்கே கேட்டது. ஒரு சாமானை லாரிக்காரனிடமிருந்து ஒளித்து வைத்த கதை. பிள்ளைக்குத் தேவைப்பட்ட நேரத்தில் பிள்ளையிடமிருந்தும் ஒளித்து வைத்த கதை. எல்லாம் கேட்டுவிட்டு கெல்சி ஒன்றே ஒன்று சொன்னாள்.

"எனக்கு அடுத்து ஜனவரியில பிள்ளை பெறப்போறவங்க ரெண்டு பேரு இருக்காங்க டல்சி. அவங்களும் அந்த ரோட்லதான் போகணும்."

டல்சி நேராக ஃபேர்வெதரிடம் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், உள்ளதைச் சொன்னாள். கேள்விக்குப் போன பதில் பொய், பதிவேட்டில் டிக் போட்டவள் அவள்தான், அதை எழுதித் தரவும் தயார். அவர் முகம் முதலில் பிரகாசமானது. பிறகு கண் சுருங்கியது; கணக்குப் போடும் கண்.

"டல்சிம்மா, நீங்க தங்கம். ஆனா இப்ப வேண்டாம். தேர்தல் அறிவிச்சதும் வெச்சுக்குவோம். அதுவரைக்கும் இதே மாதிரி டிக் போட்டுட்டே வாங்க. நாள் எண்ணிக்கை கூடக் கூட நமக்குத்தான் நல்லது."

"தேர்தலுக்கு இன்னும் பதினோரு மாசம் இருக்கு."

"ஆமா. நான் மார்ச்ல இன்னொரு கேள்வி போடுறேன். இன்னும் கேவலமா ஒரு பதில் வரும், பாருங்களேன்."

அவர் அவள் தோளைத் தட்டினார். அந்தத் தோளை அவள் வேலி இடுக்கில் நுழையும்வரை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே நடந்தாள். கேட்பவனுக்குப் பதில் தேவையில்லை, கேள்விதான் தேவை. சொல்பவனுக்கு அறை தேவையில்லை, டிக்தான் தேவை. நடுவில் தினமும் வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு போனது யார்?

ஆஸ்பத்திரிக்குள் வந்து கை கழுவினாள். இரண்டு முறை கழுவினாள்.

ஜோஸ்லின் நல்ல பெண். வயது நாற்பதுகூட ஆகவில்லை; எல்லாக் கூட்டத்துக்கும் போவாள், எதற்கும் எதிர்த்துப் பேச மாட்டாள். டல்சி விஷயத்தைச் சொன்னதும் கதவைச் சாத்தினாள். பதிவேட்டில் பொய் எழுதியதாக ஒப்புக்கொண்டால் விசாரணை வரும், சேவைக் காலம் முடிய ஏழு மாதம் இருக்கும்போது இதெல்லாம் தேவையா என்று கேட்டாள். 'மூடியுள்ளது' என்று போட்டால் தொண்ணூறு நாளில் லாரி வரும், அப்புறம் இந்த ஊரில் எப்போதுமே பிரசவ அறை கிடையாது, அதையும் யோசியுங்கள் என்றாள்.

"நான் யோசிச்சேன். இப்ப மட்டும் இருக்கா?" என்றாள் டல்சி.

"இருக்குன்னு ஒரு பேச்சாவது இருக்கு இல்லையா?"

டல்சி ஜோஸ்லினுடைய டிராயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு சின்னப் பூட்டு தொங்கியது.

சாயங்காலம் மெர்வ் குளிர்ந்த ஆட்டிறைச்சியும் பீட்ரூட் ஊறுகாயும் எடுத்து வைத்தான். டல்சி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, பேரப்பிள்ளைகள் விட்டுப்போன கோடு போட்ட நோட்டில் எழுதினாள். அவளுக்கு எழுதுவது பழக்கமில்லை. நோயாளிகளின் அட்டையில் எழுதுவது மாதிரிதான் எழுத வந்தது. இந்த அறையில் மூன்று வருடம் நான்கு மாதமாக ஒரு பிரசவமும் நடக்கவில்லை. பிரசவம் பார்க்க ஆள் இல்லை. திறந்துள்ளது என்று டிக் போட்டது நான். அது உண்மை இல்லை. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி ஒரு குழந்தை வந்தபோது அறை பூட்டியிருந்தது, திறக்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று. தொண்ணூறு நாள் விதி இருக்கும்வரை எல்லா ஊரிலும் இப்படித்தான் டிக் போடுவார்கள். கீழே கையெழுத்து.

மூன்று பிரதி எழுதினாள். ஒன்று சுகாதார மந்திரிக்கு. ஒன்று சட்டமன்றச் செயலாளருக்கு. மூன்றாவதன் உறைமேல் கெல்சி பெயரை எழுதினாள்.

"ஃபேர்வெதருக்கு இல்லையா?" என்றான் மெர்வ்.

"அந்த ஆளு அதை ஐஸ்பெட்டியில வெச்சுக்குவான்."

மெர்வ் ஒரு துண்டு இறைச்சியை வெகுநேரம் மென்றான். அந்த நோட்டில் இன்னும் தாள் இருக்கிறதா என்று கேட்டான். அவள் நோட்டைத் தள்ளினாள். அவன் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான், கடைசியில் நோட்டை மூடிவிட்டு, தனக்கு இன்னும் இரண்டு வருடம் வேலை இருக்கிறது என்றான். அவள் அவனை வெறுக்கவில்லை. நேற்றுவரை அவளும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, தபால் பெட்டியில் இரண்டு உறைகளைப் போட்டுவிட்டு, மூன்றாவதைக் கெல்சி வீட்டுக்குக் கொண்டுபோனாள். கெல்சி விழித்திருந்தாள், மடியில் ஐவி பால் குடித்துக்கொண்டிருந்தது. உறையை மேசையில் வைத்துவிட்டு, யாரிடம் வேண்டுமானாலும் காட்டு, எந்தப் பத்திரிகைக்கு வேண்டுமானாலும் கொடு, எப்போது என்று யாரையும் கேட்காதே என்று டல்சி சொன்னாள். கெல்சி தலையை அசைத்தாள். நன்றி சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

ஆறரைக்கு, ஜோஸ்லின் இரவில் விட்டுப்போகும் அறைச் சாவியை ராத்திரி ஷிஃப்ட் நர்ஸிடம் வாங்கிப் பிரசவ அறையைத் திறந்தாள். விரிப்பு மாற்றவில்லை. வார்மரின் பிளக்கைப் பிடுங்கி, பிரேக்கை எடுத்துத் தள்ளினாள். நகரவில்லை. மூன்று வருடம் மெத்தையைத் துடைத்தவள் சக்கரத்தைக் குனிந்து பார்த்ததில்லை. நான்கிலும் நூலும் முடியும் சுருண்டு இறுகியிருந்தன. தரையில் உட்கார்ந்து, தையல் கத்தரிக்கோலால் அதை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தாள். முட்டி வலித்தது. எழுந்து தள்ளியபோது வராந்தா முழுக்கக் கிறீச்சிட்டுக்கொண்டு வார்மர் நகர்ந்தது. அவசரப் பிரிவில், ஆம்புலன்ஸ் வாசலுக்கு உள்ளே, இடப்பக்கச் சுவரோரம், பிளக்கும் ஆக்சிஜன் முனையும் இருக்கிற இடத்தில் நிறுத்தினாள். அங்கே நின்றிருந்த சக்கர நாற்காலிகளை வெளியே தள்ளினாள்.

அட்டையை எடுத்து இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டாள். ஏழு மணிக்கு ஜோஸ்லின் உள்ளே வந்தாள். வார்மரைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள்.

"லாரி வருமே டல்சி."

"வரட்டும். தொண்ணூறு நாள் இருக்கு. ஜனவரிக்கு ரெண்டு பேரு இருக்காங்க."

ஜோஸ்லின் தன் பையைத் திறந்து, டிராயர் சாவியை வளையத்திலிருந்து கழற்றி, வார்மருக்கு மேலிருந்த கொக்கியில் மாட்டினாள். இப்போது அதற்கு ஒரு உபயோகமும் இல்லை. இருந்தாலும் டல்சி அதை எடுக்கச் சொல்லவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் பள்ளிக்கூடக் கூரை தெரிந்தது. மெர்வ் ஏணி சாத்தி, வாளியோடு ஏறிக்கொண்டிருந்தான். பேனல் கழுவும் நாள்.

டல்சி வார்மர் விளக்கைப் போட்டாள். உள்ளங்கையைக் கீழே நீட்டினாள். சூடு ஏறியது. இந்த முறை அணைக்காமல் குறைந்த சூட்டில் விட்டுவிட்டு, நாலாம் படுக்கைக் கிழவரின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றப் போனாள்.